செக்கர் பதித்த முப்பத்தாறு டைல்ஸ்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. வாயால் கூப்பிடும்போது ஊருக்கே அவள் செக்கர்தான். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் செக்கிங் மேசையில் நின்றவள். தைத்து முடித்த சட்டை அவள் கைக்கு வரும். காலர், கைமடிப்பு, பொத்தான், பக்கத் தையல் என்று விரலை ஓட்டிப் பார்ப்பாள். ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவாள். நாளைக்கு நானூறு சட்டை. ஒவ்வொன்றையும் இதில் குற்றம் இருக்கிறது என்று நம்பித்தான் கையில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் ஏமாந்துவிடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஆள் அந்த வேலைக்கு லாயக்கில்லை. இவள் பாலையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ரகம்.

அந்தத் தொழிற்சாலையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். மேசை போனது, சம்பளம் போனது, சந்தேகம் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் அதற்குத் தீனி போதவில்லை. கடைக்காரரின் தராசு, எதிர்வீட்டுக்காரியின் சிரிப்பு, வண்டியை நிறுத்திவிட்டு மாடியேறக் கணவன் எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடம் எல்லாமே சோதனைக்கு உள்ளாயின. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை ஊறிப்போன மனிதர்.

"உப்பு டப்பாவத் திறந்தாக்கூட நக்கிப் பாத்துட்டுத்தான் போடுற. உப்புன்னு நானே எழுதி ஒட்டியிருக்கேன்ல," என்பார்.

"எழுதினது நீங்கதானே. அதனாலதான் நக்கிப் பாக்குறேன்," என்பாள்.

வேறு தொழிற்சாலைக்கும் போய்ப் பார்த்தாள். வாசலில் நின்ற காவலாளி, "யாரைப் பாக்கணும்க்கா?" என்று கேட்டான். வேலை கேட்டு வந்தவள் என்று அவனுக்குத் தோன்றக்கூட இல்லை. நாற்பத்து மூன்று வயதில் அது வலித்தது. அவள் யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அந்த வாரம்தான் வேன் கண்ணாடியில் யாரோ ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் பதிக்கும் பயிற்சி. ஆறு மாதம். கட்டணம் கிடையாது, கருவிப் பை சும்மா கொடுக்கிறார்கள், பெண்களும் சேரலாம், வயது வரம்பு இல்லை. அவள் அதை நாலு தடவை படித்தாள். சும்மா கிடைக்கிறது என்றாலே அவளுக்குக் காது விடைத்துக்கொள்ளும்.

முதல் நாள் எதிர்ச் சாரியில் நின்று அந்தக் கட்டடத்துக்குள் யார் போகிறார்கள், போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்று பார்த்தாள். மறுநாள் பக்கத்து டீக்கடையில் விசாரித்தாள். மூன்றாம் நாள் உள்ளே போய், "போன வருஷம் படிச்சவங்க இப்ப எங்க வேலை செய்றாங்கன்னு ரெண்டு பேரோட அட்ரஸ் குடுங்க," என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் ஒருவன் ஒரு மருந்துக் கடையில் தரை போட்டுக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் குந்தி உட்கார்ந்து, அவன் போட்ட தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்துதான் சேர்ந்தாள். அவன் பயந்துபோய் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

பயிற்சி நடந்தது பழைய தகரக் கொட்டகை ஒன்றில். பதினெட்டு பேருக்குப் பதினெட்டு தடுப்பு. ஒவ்வொன்றும் ஆறடிக்கு ஆறடி தரை. பின்பக்கம் ஒரு சுவர், ஒரு பக்கம் ஒரு சுவர். இரண்டிரண்டு தடுப்புகளாகச் சேர்த்து அமைத்திருந்ததால், சுவரில்லாத பக்கத்தில் அடுத்தவர் தரைக்கும் உங்கள் தரைக்கும் நடுவே ஒரு மரச்சட்டம்தான் இருக்கும். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு வயது இருபத்தாறு. முட்டியில் எப்போதும் உறை மாட்டியிருப்பார். கட்டிங் மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டு அவர் தொண்டை கட்டிக் கிடந்தது. இவளுடைய பாதி வயதுக்குக் கொஞ்சம்தான் கூட, இவருக்கு என்ன தெரிந்துவிடும்? அந்தச் சந்தேகமும் செக்கருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் முதல் வாரத்தில் டீச்சர் ரசமட்டம் வைக்காமல், கண்ணாலேயே பார்த்து, "அந்த மூலையில ரெண்டு நூல் இறங்கியிருக்கு," என்று சொன்னதை இவளே ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு நூல், கால் அங்குலம். அன்றிலிருந்து டீச்சரை மட்டும் அரைகுறையாக நம்பினாள்.

பதிப்பது, மறுநாள் தட்டிப் பார்ப்பது, பெயர்ப்பது, தொட்டியில் போட்டுக் கழுவுவது, மறுபடி பதிப்பது. இதுதான் பாடம். பயிற்சிக்கு என்று ஒரு சுண்ணாம்புக் கலவை உண்டு. அது லேசில் இறுகாது. அமுக்கினால் அமுங்கும், நெம்பினால் வரும், திரும்ப வைத்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அடியில் கலவை சரியாகப் பரவாமல் காற்று நின்றுவிட்டால், காய்ந்த பிறகு தட்டும்போது தெரியும். நிறைந்த டைல்ஸ் 'டக்' என்று சொல்லும். பொள்ளலாக இருப்பது 'டொக்' என்று சொல்லும். அந்த டொக்கைக் கேட்பதில் செக்கரை மிஞ்ச அந்தக் கொட்டகையில் ஆள் கிடையாது. ரப்பர் சுத்தியின் பிடியால் தட்டிக்கொண்டே போவாள். தன் தரை மட்டுமில்லை, எல்லார் தரையும். பையில் பழைய சிவப்பு அம்புக்குறிச் சுருள் ஒன்று வைத்திருந்தாள். டொக் கேட்ட இடத்தில் எல்லாம் ஒன்றைக் கிழித்து ஒட்டிவிட்டுப் போய்விடுவாள். காலையில் வந்து தன் தரையில் அம்மை போட்டதுபோல் சிவப்பைப் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை.

அவளுக்குப் பக்கத்துத் தடுப்பு, பேக்கரி என்று எல்லாரும் கூப்பிட்டவருடையது. இருபத்திரண்டு வருடம் ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றவர். முதலாளியின் மகன் எந்திரம் வாங்கிப் போட்டதும் இங்கே வந்தவர். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். பல்லுப் பல்லாக இருக்கும் அந்தச் சீப்புக் கரண்டியால் கலவையை அவர் இழுப்பதைப் பார்த்தால் கேக்கின்மேல் க்ரீம் தடவுகிற மாதிரி இருக்கும். அவர் தரையில் அவளால் அம்பு ஒட்ட முடிந்ததே இல்லை. அதுதான் முதல் சந்தேகம். குற்றமே இல்லாத சட்டை என்று பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் வந்தவை ரொம்பக் குறைவு.

அடுத்தடுத்த சந்தேகங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன. பேக்கரி எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறார். தன் தடுப்பைக் கூட்டுகிறபோது இவளுடையதையும் சேர்த்துக் கூட்டுகிறார். "உங்க கலவை கொஞ்சம் தண்ணியா இருக்கும்மா, இன்னும் ஒரு பிடி பொடி போடுங்க," என்று கேட்காமலே சொல்கிறார். ஒரு நாள் இவளுடைய கட்டர் மழுங்கிவிட்டது என்று தன்னுடையதை நீட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கட்டரை வாங்கவில்லை.

ஐந்தாவது மாதத்தில் டீச்சர் ஒரு சேதி சொன்னார். மாணவர் விடுதி கட்டும் காண்ட்ராக்டர் ஒருவர் வந்திருந்தாராம். இருநூறு குளியலறை, ஒன்றரை வருடத்துக்கு வேலை. பாஸ் பண்ணுகிறவர்களில் இரண்டு ஜோடியை எடுத்துக்கொள்வார். ஒருவர் பசை இழுத்து எடுத்துக் கொடுக்க, ஒருவர் பதிக்க, ஜோடியாகத்தான் அவரிடம் வேலை.

"நீங்களும் பேக்கரி அண்ணனும் சேந்தா நல்லா இருக்கும்க்கா. உங்க கண்ணு, அவர் கை," என்றார் டீச்சர்.

"அவர எதுக்கு டீச்சர் என் தலையில கட்டுறீங்க?"

"சரி, அப்ப உங்கள அவர் தலையில கட்டுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பேக்கரியும் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று அவள் அன்று மாலை முழுக்க யோசித்தாள். ஆனால் அந்த விடுதி வேலை அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த வயதில் யாரைப் பார்க்கணும் என்று கேட்காமல் உள்ளே விடுகிற வாசல் இது ஒன்றுதான். இதை விட்டால் வேறு கிடையாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மாதிரித் தேர்வு வந்தது. அதற்கு மட்டும் சுண்ணாம்புக் கலவை இல்லை, அசல் பசை. டீச்சர் மூட்டையைப் பிரிக்கும்போதே சொன்னார்: "இது நம்ம சுண்ணாம்பு மாதிரி இல்ல. ஒரு தடவதான் பிடிக்கும். இறுகிட்டு இருக்கறப்ப அசைஞ்சா விட்டுரும், அப்புறம் தலைகீழா நின்னாலும் பிடிக்காது. பதிச்சு முடிச்சா இருபத்துநாலு மணி நேரம் யாரும் கை வைக்கக் கூடாது."

செக்கர் உடனே கொட்டகையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், இதில் கை வைக்கக்கூடிய ஆள் யார் என்று.

மாதிரித் தேர்வில் அவளுடைய முப்பத்தாறில் நாலு டொக். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவளே தட்டிப் பார்த்தபோது ஒன்றுகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் முழுசாக இருந்தது காலையில் எப்படிப் பொள்ளலாகும்? "பச்சையா இருக்கறப்ப எல்லாமே நிறைஞ்ச மாதிரிதான்க்கா கேக்கும். பசை பரப்பி ரொம்ப நேரம் விட்டிருப்பீங்க," என்றார் டீச்சர். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. பேக்கரியின் முப்பத்தாறில் ஒன்றுகூட டொக் இல்லை. அவள் மனசில் கணக்கு முடிந்துவிட்டது.

"ராத்திரி கொட்டகையப் பூட்டிடுறாங்க. சாவி காவலாளிகிட்ட. காலையில ஆறு மணிக்கு அவன்தான் திறக்குறான். எல்லாருக்கும் முன்னால வர்றது யாரு?" என்று கணவனிடம் கேட்டாள்.

"ரொட்டி சுட்டவர் சீக்கிரம் எந்திரிக்கத்தான் செய்வார்," என்றார் அவர். "அவருக்கு உன் டைல்ஸ நோண்டி என்ன ஆகணும்?"

"ரெண்டு ஜோடிதான் எடுப்பாங்க."

"அவர் பாஸாக உன்னைக் கவுக்கணுமா? அவருதுலதான் ஒண்ணுமே தப்பு இல்லையே."

பதில் இல்லாத கேள்வியைக் கேட்டதற்காகக் கணவன்மேலும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

உண்மையான தேர்வு ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. அன்று பதிக்க வேண்டும், செவ்வாய் பசை இறுக விட வேண்டும், புதன் காலை வெளியிலிருந்து தேர்வாளர் வந்து தட்டிப் பார்ப்பார். இரண்டு டொக் வரை மன்னிப்பு. மூன்று என்றால் ஃபெயில். அவள் அன்று பதித்ததைப் பார்த்தவர்கள் பிற்பாடும் சொன்னார்கள், அப்படி ஒரு தரையை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது என்று. நூல் பிடித்து, நடுவிலிருந்து தொடங்கி, தண்ணீர் போகும் மூலைக்கு வாட்டம் கொடுத்து, ஒவ்வொரு டைல்ஸையும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தாள்.

அன்று மாலை எல்லாரும் போகும்வரை காத்திருந்து, கைக்கு எட்டியதையெல்லாம் ஒரு முறை தட்டினாள். டக், டக், டக். எட்டியதெல்லாம் டக். அவற்றின் மூலைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தியும் பார்த்தாள். சட்டையில் பொத்தானை இழுத்துப் பார்ப்பாளே, அதே கை. ஆடவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். ஆனால் அந்த நிம்மதி விடியும்வரைதான் தாங்கியது.

செவ்வாய் காலை ஆறு மணிக்குக் காவலாளியோடு சேர்ந்தே கேட்டுக்குள் நுழைந்தாள். நேராகத் தன் தடுப்புக்குப் போனாள். முன்வரிசை கைக்கு எட்டியது. உள்ளே இருப்பவை எட்டவில்லை. தன் தரைமேல் ஏறினால் டைல்ஸ் அழுந்திவிடும், அது அவளுக்குத் தெரியாதா? மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம், பேக்கரியின் ஓர வரிசையில் முட்டி போட்டு, தன் பக்கம் சாய்ந்து, ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் தட்டினாள். ஓரிரண்டு இடத்தில் சத்தம் மாறியிருந்த மாதிரி இருந்தது. திரும்பத் தட்டினாள். மூலையை அழுத்திப் பார்த்தாள். ஒன்றின் விளிம்பில் கத்தி முனையை விட்டு லேசாக நெம்பிக்கூடப் பார்த்தாள்.

தலையைத் தூக்கியபோது பேக்கரி நடைபாதையில் நின்றிருந்தார். கையில் துடைப்பம். அவளைப் பார்த்தார், அவள் முட்டியைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வெளியே போய்விட்டார்.

மடியில் கனம் இல்லாதவன் எதற்கு நழுவ வேண்டும்? அவர் தன் தரையில் கை வைக்க வந்த நேரத்தில் தான் முந்திக்கொண்டதாக அவளுக்குப் பட்டது. அன்று மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை அதே மாதிரி முட்டி போட்டுக் காவல் பார்த்தாள்.

புதன் விடிந்ததும் தட்டினாள். டொக். அடுத்தது டொக். எண்ணிக்கொண்டே போனாள், பதினொன்றில் நின்றது. அவள் அழவில்லை. சுருளை எடுத்துப் பதினொரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து, பேக்கரி வரும்வரை அப்படியே நின்றாள். அவர் பின்னாலேயே டீச்சரும் மற்றவர்களும் வந்தார்கள்.

"என் தரையில உங்களுக்கு என்னண்ணே வேலை?"

அவர் தோளிலிருந்து பையை இறக்கினார். "என்ன ஆச்சும்மா?"

"பதினொண்ணு போச்சு. நேத்துக் காலையில என்னைப் பாத்துட்டு நழுவினீங்களே, அதக் கேக்குறேன்."

"உங்க டைல்ஸ நான் தொடலைம்மா."

"அப்ப ஏன் நழுவினீங்க?"

அவர் டீச்சரைப் பார்த்தார், தன் ஓர வரிசையைப் பார்த்தார். "அத விடுங்க."

"விடச் சொல்றவன்கிட்டதான் விஷயம் இருக்கும். பத்தொன்பது வருஷம் இதத்தான் பாத்துட்டு வந்திருக்கேன்," என்றாள். பதினேழு பேர் கேட்கச் சொன்னாள்.

டீச்சர் குனிந்து ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பசை, ஒரு காசளவுகூட வெற்றிடம் இல்லை. அதைத் திருப்பிக் காட்டினார். "பசை சரி, இழுத்தது சரி, வச்சது சரி. நல்லாத்தான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. பிடிச்சிட்டு இருக்கறப்ப யாரோ அசைச்சிருக்காங்க, அதான் விட்டுருச்சு."

"அதத்தானே டீச்சர் நானும் சொல்றேன்."

சொல்லிவிட்டு, காட்டுவதற்காகத் தன் தரையைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினொரு அம்பும் தரையெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. பேக்கரியின் பக்கத்திலிருந்து மூன்று வரிசைக்குள் அடங்கியிருந்தன. மரச்சட்டத்துக்கு அப்பால் முட்டி போட்டு நீட்டினால் அவளுடைய கை எட்டுகிற தூரம். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. கத்தியை விட்டு நெம்பிய டைல்ஸில் அம்பு இருந்தது. கையை ஊன்றிய இடத்தில் இரண்டு அம்பு. யாரும் கை வைக்கக் கூடாது என்று டீச்சர் சொன்னபோது, தன் கையும் கைதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. செக்கர் தொடுவது தொடுவதில் சேராது. தொழிற்சாலையில் அப்படித்தான் இருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயைத் திறக்கும் முன்பே தேர்வாளர் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், கையில் ஒரு சின்ன மரக்குச்சி. வணக்கத்தை வாங்கிக்கொண்டு முதல் தடுப்பிலிருந்து தட்டத் தொடங்கினார். பேக்கரியின் தரைக்கு வந்தார். ஐந்து வரிசை டக் டக்கென்று ஓடியது. ஆறாவது ஓர வரிசை. டொக். ஒன்று விட்டு இன்னொரு டொக். அதற்கடுத்தும் டொக்.

"மூணு," என்று தேர்வாளர் தாளைப் புரட்டினார்.

அந்த மூன்றும் தன் முட்டி இருந்த இடம் என்று செக்கருக்குத் தெரியும். பேக்கரிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லப்போகிறார், பதினேழு பேர் முன்னால் தன் மானத்தை வாங்கப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். இதில் என்ன சூது இருக்கிறது என்று அவள் மனம் அந்த நேரத்திலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. தானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தான் எப்படியும் ஃபெயில், அவரும் ஃபெயில், யார் முட்டி என்று டைல்ஸ் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"சார், அந்த மூணும் என் முட்டி," என்றாள்.

"என்னது?"

"என் டைல்ஸத் தட்டிப் பாக்குறதுக்கு அவர் டைல்ஸ்மேல முட்டி போட்டேன். நேத்து மூணு தடவ. என்னுது அழுந்திரக் கூடாதுன்னு." பேக்கரியின் பக்கம் கையைக் காட்டினாள். "அவர் நல்லாத்தான் பதிச்சார்."

தேர்வாளர் மூன்றில் ஒன்றைப் பெயர்த்து அடியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பேக்கரியின் பெயருக்கு நேரே எதையோ நீளமாக எழுதி பாஸ் போட்டார். பிறகு இந்தப் பக்கம் வந்து சிவப்பு அம்புகளை எண்ணினார். குச்சியை எடுக்கவே இல்லை.

"இதக் கெடுத்தது யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டு தரைக்கும் ஒரே ஆளா," என்று சொல்லிவிட்டு ஃபெயில் என்று எழுதினார். அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து.

தண்ணீர்த் தொட்டியருகே பேக்கரி கரண்டி கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய் நின்று, "தப்பு என்னுதுண்ணே. எல்லார் முன்னாலயும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள். "சரிம்மா," என்றார் அவர். அவ்வளவுதான். அந்தச் 'சரி' எந்த வகைச் சரி என்று வீடு போய்ச் சேரும்வரை உருட்டிக்கொண்டே போனாள்.

கணவன் அன்று கேலி பேசவில்லை. "ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?" என்று அவளே கேட்டாள். "சொல்ல என்ன இருக்கு. வேன் காலியாத்தான் நிக்குது, எங்கயாவது ஒரு சுத்து போய்ட்டு வரலாமா?" என்றார். போனார்கள். பிள்ளைகள் உட்காரும் குட்டை சீட்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். அவர் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காததுபோல ஓட்டினார்.

மூன்று மாதமும் அவள் கொட்டகைக்குப் போய்ப் புது ஆட்களோடு பதித்துப் பெயர்த்தாள். அம்பு ஒட்டவில்லை. பேக்கரி இன்னொருவனோடு ஜோடி சேர்ந்து விடுதி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள். மறுதேர்வின் முதல் நாள் பதித்து முடித்ததும், கைகழுவிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். இரண்டாம் நாள்தான் கண்டம். காலையில் ஐந்தரை மணிக்கே செருப்பை மாட்டிவிட்டாள். கணவன் வாசலை மறித்து நின்று, "வா, என்னோட வா," என்று வேனில் ஏற்றினார். அன்று முழுக்கப் பள்ளிக்கூட வேனில் சுற்றினாள். ஏறின பிள்ளைகளையும் இறங்கின பிள்ளைகளையும் மூன்று தடவை எண்ணினாள். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. கொட்டகை இருந்த தெரு வந்தபோது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த நேரம் அங்கே யாரோ தன் தரையில் நடக்கிறார்கள் என்று அவளுக்குச் சத்தியமாகத் தோன்றியது. இறங்கிப் போகவில்லை.

மறுநாள் அதே தேர்வாளர், அதே குச்சி. முப்பத்தாறு தட்டு. முப்பத்தைந்து டக், ஒரு டொக். பாஸ்.

அதற்கு ஒரு மாதம் கழித்து டீச்சர் போன் பண்ணினார். பேக்கரியோடு ஜோடியாக இருந்தவன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். பேக்கரி காண்ட்ராக்டரிடம் இவளைச் சொல்லியிருக்கிறார்.

"என்னை எதுக்குச் சொன்னார்?" என்று கணவனிடம் இரண்டு நாள் கேட்டாள். "மனசுல ஏதோ வச்சுத்தான் கூப்பிடுறார். பழிவாங்கவா இருக்கும்."

"இருந்தாலும் இருக்கும். போய் அவரயும் ஒரு தட்டுத் தட்டிப் பாரு. டொக்குன்னா திரும்பி வந்துரு," என்றார் அவர்.

போனாள். வாசலில் நின்றவன் அவள் பெயரைத் தாளில் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். முதல் வாரம் முழுக்க அவள் பேக்கரியின் முகத்தையே வேவு பார்த்தாள். அவர் பதித்தார், இவள் பசை இழுத்து டைல்ஸை எடுத்துக் கொடுத்தாள். எட்டிப் பார்த்துத் தட்டவில்லை, அந்த ஆசை கையில் குறுகுறுத்தாலும். மூன்றாவது வாரம், இரண்டாவது மாடியில் ஏழாவது குளியலறையில், அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்குக் காலையில என் முட்டி உங்க டைல்ஸ்மேல இருந்தத நீங்க பாத்தீங்க. அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேர் தரையும் தப்பிச்சிருக்கும். ஏண்ணே சொல்லல?"

அவர் ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம், யாரும் வந்து பரிசோதிக்கப் போவதில்லை. அவள் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். 'எந்திரிங்கம்மா, அசைச்சா விட்டுரும்' என்று அவர் சொல்லியிருந்தால், தன் தரையைப் பார்க்கவிடாமல் விரட்டுகிறார் என்று இன்னும் அழுத்தித் தட்டியிருப்பாள்.

"மாட்டேன்," என்றாள்.

"அதான்," என்று அவர் அடுத்த டைல்ஸுக்குக் கையை நீட்டினார்.

பசை காய்வதற்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தாள்.